கிரில் செய்த சால்மன் சரிவரவில்லையா? அறிகுறியைப் பார்த்துத் திருத்துங்கள்

கொழும்பில் வேலை செய்யும் தங்கை டிசம்பர் லீவுக்கு ஊருக்கு வரும்போது ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு இரண்டு மூன்று துண்டு சால்மன் கொண்டுவருவாள். கோட்டையில் ரயில் ஏறி நானுஓயாவில் இறங்க ஆறேழு மணித்தியாலம், அங்கிருந்து பஸ், பிறகு தோட்டத்து ரோட்டில் நடை. அப்படி வந்து சேர்ந்த மீனை நான் முதல் தடவை கிரில் செய்தபோது மேலே கருகி உள்ளே பச்சையாக இருந்தது. இரண்டாம் தடவை உள்ளேயும் வெந்தது, ஆனால் அம்மா ஒரு வாய் வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார், அவ்வளவு வறட்சி. வீட்டில் எல்லாரும் ஒரே காரணம்தான் சொன்னார்கள்: "மலைக் குளிருக்கு எதுவும் ஒழுங்கா வேகாது."

அது பருப்புக்குச் சரி. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம். இங்கே தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் எவ்வளவு தீ வைத்தாலும் அந்தத் தண்ணீர் சூடேறாது, அதனால்தான் பருப்பும் கடலையும் வேகாமல் இழுத்துக்கொண்டே போகின்றன. சால்மன் அப்படியில்லை. அதன் சதை 50 பாகையைத் தாண்டினாலே வெந்த பதத்துக்கு வந்துவிடும், 60 தாண்டினால் காயத் தொடங்கும். தண்ணீர் 94-இல் கொதித்தால் என்ன, 100-இல் கொதித்தால் என்ன, மீன் அந்தப் பக்கமே போவதில்லை. பல தடவை செய்து பார்த்த பிறகு எனக்குப் புரிந்தது, தீயைப் பார்ப்பதற்கு முன் மீனைப் பார்க்க வேண்டும். அடுப்புக்குப் போகும்போது அது எவ்வளவு குளிராக இருந்தது, எவ்வளவு ஈரமாக இருந்தது, எவ்வளவு தடிப்பு. இந்த மூன்றில்தான் பெரும்பாலான பிழை தொடங்குகிறது.

ஒரு சொல் விளக்கம் மட்டும். அமெரிக்கச் சமையல் குறிப்புகளில் ப்ராயில் என்று வருவது, ஓவனில் மேலே இருக்கும் கம்பி சிவந்து மேலிருந்து சூடு இறங்குவது. நம் வீட்டு ஓவன்களில் அதைத்தான் கிரில் என்று போட்டிருப்பார்கள், சிலதில் எழுத்தே இருக்காது, வளைந்து வளைந்து போகும் ஒரு கோடு மட்டும் இருக்கும். இன்னொன்று, ஊர்க் கடையில் "செமன்" என்று கேட்டால் டின் மீனைத்தான் எடுத்துத் தருவார்கள், அதற்குள் இருப்பது பெரும்பாலும் மெக்கரல் வகை மீன். நான் சொல்வது சிவந்த ஆரஞ்சு நிறச் சதையுள்ள சால்மன், ப்ரீசரில் உறைந்த துண்டாகக் கிடைப்பது.

உங்களுக்கு எது நடந்ததோ அந்த இடத்துக்கு நேரே போங்கள்.

மேலே கருகிவிட்டது, உள்ளே பச்சை

மீன் முழுதாக இளகவில்லை. பத்தில் எட்டுத் தடவை இதுதான். விரலால் அழுத்தினால் மேலே மெத்தென்று இருக்கும், நடுவில் ஒரு கட்டி இன்னும் உறைந்தே கிடக்கும். அந்தக் கட்டி உருகி, பிறகு சூடேறி, பிறகு வேகும் வரை மேல்பகுதி சும்மா காத்திருக்காது.

முதல் நாள் இரவே ப்ரீசரில் இருந்து எடுத்து ப்ரிட்ஜின் கீழ்த் தட்டில் ஒரு தட்டின் மேல் வையுங்கள். காற்று எடுத்து ஒட்டிய பேக்கட்டாக இருந்தால் வைக்கும் முன் பேக்கட்டைப் பிரித்துவிட வேண்டும். காற்றே இல்லாத பேக்கட்டுக்குள், குளிரிலும் வளரக்கூடிய நச்சுக் கிருமி ஒன்று இருக்கிறது, உறைந்த நிலையில் அது அடங்கிக் கிடக்கும், இளகத் தொடங்கியதும் அதற்கு வசதி. இதை யாரும் சொல்லித் தருவதில்லை, ஆனால் முக்கியமான விஷயம்.

அவசரம் என்றால் தண்ணீர் புகாத பையில் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள், அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்றுங்கள், ஒரு துண்டு சுமார் ஒரு மணித்தியாலத்தில் இளகிவிடும். சுடுதண்ணீர் வேண்டாம். நம் பக்கத்தில் இன்னொரு பழக்கம் உண்டு: "இங்க வெளியே வைத்தாலே ப்ரிட்ஜ் மாதிரிதானே" என்று இரவு முழுக்க அடுப்படி மேசையில் வைத்துவிடுவது. ஜனவரியில் புல் மேல் உறைபனி விழும் காலையில்கூட அடுப்படிக்குள் அவ்வளவு குளிர் இருக்காது. ப்ரிட்ஜ் என்றால் 5 பாகைக்குக் கீழே, அடுப்படி அப்படியில்லை.

இளகிய பிறகும் ப்ரிட்ஜில் இருந்து எடுத்து நேரே தீயில் வைக்காமல் பதினைந்து இருபது நிமிடம் வெளியே விடுங்கள். அதோடு மேல்கம்பிக்கும் மீனுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். 10 முதல் 15 செ.மீ. வேண்டும். மேசை மேல் வைக்கும் சின்ன ஓவனில் நடுத் தட்டில் வைத்தால் ஐந்து செ.மீ.கூட மிஞ்சாது, அதில் எப்போதும் கீழ்த் தட்டுதான்.

ஓரத்தில் வெள்ளையாக ஏதோ கசிகிறது

இதைப் பார்த்துத்தான் நிறையப் பேர் பயந்து மீனையே கழுவப் போகிறார்கள். புழுவும் இல்லை, பழுதும் இல்லை. அல்புமின் என்ற புரதம், முட்டையின் வெள்ளைக்கரு வேகும்போது எப்படி வெள்ளையாகிறதோ அதேபோல, சதை சூட்டில் சுருங்கும்போது வெளியே பிதுங்கி வந்து உறைகிறது. தாராளமாகச் சாப்பிடலாம்.

ஆனால் அது ஒரு செய்தி சொல்கிறது, அதைக் கவனிக்கக் கற்றுக்கொண்டதில்தான் என் கிரில் திருந்தியது. ஓவன் கதவுக்கு முன்னால் குனிந்து நின்று துண்டின் பக்கவாட்டைப் பாருங்கள். முதலில் கண்ணாடி மாதிரி பளபளப்பான சிவப்பு. பிறகு மேல் ஓரத்தில் இருந்து ஒரு வெளிறிய கோடு மெதுவாகக் கீழே இறங்கும். அந்தக் கோடு பாதித் தடிப்பைத் தாண்டும்போது சதை மடிப்புகளின் இடுக்கில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளைப் பொட்டுகள் எழும்பும். இரண்டு மூன்று பொட்டு என்றால் இறக்கும் நேரம் வந்துவிட்டது. தயிர் மாதிரி வழிந்து ஓடுகிறது என்றால் சூடு கூடிவிட்டது, அல்லது நேரம் கடந்துவிட்டது.

குறைக்க ஒரு வழி, ஒரு லீற்றர் தண்ணீரில் மூன்று மேசைக்கரண்டி தூள் உப்பைக் கரைத்து மீனைப் பத்து நிமிடம் மட்டும் ஊறவிட்டு, எடுத்துத் துணியால் நன்றாக ஒற்றி எடுப்பது. மேற்புறத்துப் புரதத்தை உப்பு கொஞ்சம் இளக்கிவிடுவதால் அது இறுகிப் பிதுங்குவது குறையும். அப்படிச் செய்தால் பிறகு உப்புத் தூவாதீர்கள். வீட்டில் பிரஷர் உள்ளவர்கள் இருந்தால் உப்புத் தண்ணீரை விட்டுவிடுங்கள், தீயைக் குறைத்துச் செய்தாலே பாதி சரியாகும்.

காய்ந்து போய்த் தொண்டையில் நிற்கிறது

அதிகம் வெந்துவிட்டது, வேறு காரணம் தேட வேண்டாம். நாம் சின்ன வயதில் இருந்து சாப்பிட்டது குழம்பு மீன், அது கால் மணித்தியாலம் கொதித்தாலும் குழம்பு காப்பாற்றும். கிரிலில் காப்பாற்ற ஒன்றுமில்லை.

கணக்கு இது: துண்டின் மிகத் தடித்த இடத்தில் 2.5 செ.மீ. தடிப்புக்குப் பத்து நிமிடம் என்று பொதுவாகச் சொல்வார்கள், ஆனால் நீங்கள் ஏழாம் நிமிடத்திலேயே பார்க்கத் தொடங்குங்கள். மெல்லிய கத்தியின் நுனியைத் தடித்த இடத்தில் நடு வரை இறக்கி, நான்கு எண்ணும் வரை வைத்து, எடுத்துக் கீழ் உதட்டில் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் வேண்டும். இளஞ்சூடு என்றால் ஆயிற்று. சுடுகிறது என்றால் காயத் தொடங்கிவிட்டது. சமையலுக்கென்று குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது, 50 முதல் 52 பாகையில் இறக்கி மூன்று நிமிடம் மூடாமல் வைத்தால் உள்சூட்டிலேயே இன்னும் மூன்று நான்கு பாகை ஏறும், சதை மடல் மடலாகப் பிரியும், நடுவில் லேசான கண்ணாடித்தன்மை இருக்கும்.

ஆனால் கர்ப்பிணிகள், சின்னப் பிள்ளைகள், வயதானவர்கள், நோயால் உடம்பு பலவீனமானவர்கள் சாப்பிடுவதாக இருந்தால் 63 பாகை வரை போக வேண்டும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மீனுக்குச் சொல்லும் அளவு அதுதான். நான் அம்மாவுக்குத் தடித்த துண்டை ஒதுக்கி 63 வரை விடுகிறேன், இறக்கியதும் தேசிக்காய்ச் சாறு, கொஞ்சம் நல்லெண்ணெய், நறுக்கிய மல்லி இலை சேர்த்து மேலே ஊற்றினால் அந்த வறட்சி தெரிவதில்லை. மற்றவர்களுக்கு முன்னதாகவே எடுத்துவிடுவேன். ஒரே தட்டில் எல்லாத் துண்டையும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை.

வால் பக்கத் துண்டு மெல்லியது. அதன் நுனியை அடியில் மடித்துவிட்டால் தடிப்பு சமமாகும்.

கம்பியில் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வருகிறது

இது கீழிருந்து சூடு வரும் அடுப்பில் மீனை வைக்கும் கம்பியைப் பற்றியது. மூன்றே காரணம்: கம்பி போதுமான சூடில்லை, மீன் ஈரம், அவசரப்பட்டுப் புரட்டினீர்கள். கம்பியைப் பத்து நிமிடம் காயவிட்டு, மீனைத் துணியால் நன்றாக ஒற்றி, எண்ணெயைக் கம்பியில் பூசாமல் மீனில் பூசுங்கள், ஒரு துண்டுக்கு ஒரு தேக்கரண்டி போதும். தோல் பக்கம் முதலில் கீழே. பிறகு கை வைக்காதீர்கள். தோல் மொறுமொறுப்பானதும் தானே கம்பியை விடும், தட்டகப்பையை நுழைத்தால் இழுக்காமல் நழுவும். இழுக்கிறது என்றால் இன்னும் ஒரு நிமிடம் பொறுங்கள். முக்கால்வாசி வேக்காடு தோல் பக்கமே நடக்கட்டும், மறுபக்கம் ஒன்றரை இரண்டு நிமிடம்தான்.

தோல் சவ்வு மாதிரி இழுபடுகிறது

ஈரம்தான் இங்கேயும். கத்தியின் முதுகால் தோலை வால் பக்கம் நோக்கி வழித்துப் பாருங்கள், துணி ஒற்றி எடுக்காத தண்ணீர் சாம்பல் நிறத்தில் வழிந்து வரும், அதைத் துடைத்துவிடுங்கள். வெந்த பிறகு சூடு போகாமல் இருக்க மூடி வைக்கும் பழக்கம் நமக்கு உண்டு, இதில் மூடினால் ஆவி இறங்கித் தோல் மறுபடி ஊறிவிடும். மேல்கம்பிக் கிரிலில் தோல் கீழே இருந்தால் அது மொறுமொறுப்பாகாது, தோல் வேண்டும் என்றால் அதை மேலே வைத்துச் செய்யுங்கள்.

சதை குழைந்து மாவு மாதிரி ஆகிவிட்டது

இரண்டு வகையாக இது வரும், பிரித்துப் பார்க்க வேண்டும்.

மேல்பகுதி மட்டும் வெளிறி மாவாக இருந்தால் தேசிக்காய். மீன் என்றால் தேசிக்காயும் மஞ்சளும் உப்பும் பிரட்டி அரை மணித்தியாலம் வைப்பது நம் கைப்பழக்கம், கடல் மீன் குழம்புக்கு அது சரி. சால்மன் சதை மென்மையானது, புளிப்பு அதைத் தீ இல்லாமலேயே வேகவைத்த மாதிரி இறுக்கிப் பிறகு பொடியவிடும். தேசிக்காயைக் கடைசியில் மேசையில் பிழியுங்கள். கொறுக்காயும் இதற்கு வேண்டாம்.

உள்ளே வரை குழைந்து, பேக்கட்டைப் பிரித்தபோதே இளஞ்சிவப்புத் தண்ணீர் நிறைய இருந்தால், அந்த மீன் வழியில் எங்கேயோ இளகி மறுபடி உறைந்திருக்கிறது. மெதுவாக உறையும்போது பெரிய ஐஸ் துகள்கள் சதைக்குள் உண்டாகி நார்களைக் கிழித்துவிடும். இதைச் சமையலால் திருத்த முடியாது. கடையில் வாங்கும்போதே பேக்கட்டுக்குள் வெண்பனி அப்பியிருக்கிறதா, துண்டு வளைந்து நெளிந்து உறைந்திருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் விட்டுவிடுங்கள். தங்கையிடம் நான் சொல்லிவைத்திருப்பது, வரும் வழியில் இளகிவிட்டால் மறுபடி ப்ரீசருக்குள் வைக்காதே, தொட்டுப் பார்த்துக் குளிர் குறையாமல் இருந்தால் அன்றிரவே சமைத்துவிடுவோம், குளிர் விட்டுப்போயிருந்தால் மனம் வராவிட்டாலும் வீசிவிட வேண்டும்.

மசாலா கசக்கிறது

வறுத்த கறித்தூள் ஏற்கெனவே வறுபட்டது. அதை மேல்கம்பியின் அடியில் எட்டு நிமிடம் வைத்தால் கரிதான். மிளகாய்த் தூளும் அப்படியே, கித்துள் பாணி பூசினால் இன்னும் வேகமாகக் கருகும், ஏனென்றால் அதில் சர்க்கரை. மிளகு, உப்பு, இடித்த பூண்டு கொஞ்சம் மட்டும் போட்டு மீனை வேகவையுங்கள். பாணி, மிளகாய், தேசிக்காய்த் தோல் துருவல் மூன்றையும் குழைத்து வைத்துக்கொண்டு கடைசி இரண்டு நிமிடத்தில் பூசுங்கள். கித்துள் பாணியும் மிளகும் சால்மனின் கொழுப்போடு சேரும் ருசிக்கு ஈடே இல்லை.

ஓவன் சூடு ஏறவே இல்லை

இது மலையகத்தில் அடிக்கடி கேட்கும் குறை, இதற்கு மட்டும் மீன் காரணம் இல்லை. சாயந்தரம் ஆறரை ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் லைட் போட்டு ஹீட்டர் போட்டுச் சமைக்கும்போது, லைன் கடைசியில் இருக்கும் வீடுகளில் வோல்டேஜ் இறங்கிவிடும். 230 வோல்ட்டில் பத்துச் சதவீதம் இறங்கினால் கம்பியின் சூடு பத்துச் சதவீதம் அல்ல, ஏறத்தாழ பத்தொன்பது சதவீதம் குறையும். பல்ப் மங்கலாக எரிகிறது, கம்பி செங்கல் நிறத்தைத் தாண்டவில்லை என்றால் அதுதான். பகலில் செய்யுங்கள், அல்லது காஸ் அடுப்பில் கனமான இரும்புத் தாச்சிக்கு மாறுங்கள்.

கம்பி நன்றாகச் சிவந்து, பிறகு நடுவில் அணைந்துவிடுகிறதா? ஓவன் பழுதில்லை. உள்ளே குறித்த சூடு வந்ததும் அது தானாக நிறுத்திக்கொள்கிறது. சூட்டுக் குமிழை மிக உயர்ந்த இடத்துக்குத் திருப்புங்கள், கம்பி நன்றாகச் சிவந்திருக்கும்போது மீனை உள்ளே விடுங்கள்.

காஸிலும் குளிர் விளையாடும். சிலிண்டர் சில்லிட்டுப் போன விடியற்காலையில் உள்ளே அழுத்தம் குறைவு, தீ சின்னதாகவே வரும். சிலிண்டரைச் சூடாக்க எதுவும் செய்யாதீர்கள், தாச்சியைக் கூடுதலாக ஐந்து நிமிடம் காயவிடுங்கள், அவ்வளவுதான்.

கரி அடுப்பில் செய்தேன், புகை நாற்றம்

சிரட்டைக் கரிதான் இதற்கு நல்லது, சாம்பல் பூத்து வெளுத்த பிறகு மீனை வையுங்கள். பைன் விறகு பிசின் புகை விடும், யூகலிப்டஸ் தைல வாடை ஏற்றும், இரண்டையும் தவிருங்கள். கவாத்து வெட்டிய காய்ந்த தேயிலை விறகு கொஞ்சம் சேர்த்தால் தணல் நன்றாக நிற்கும். மீனின் கொழுப்புத் தணலில் சொட்டிச் சுவாலை எழும்பினால் மீனைப் பக்கத்துக்கு நகர்த்துங்கள், அந்தக் கரும்புகையில் உண்டாகும் பொருட்கள் உடம்புக்கு ஆகாது. கருகிய இடத்தை வெட்டி எறிந்துவிடுங்கள்.

இதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும்: கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். மழை தூறுகிறது, குளிர்கிறது, தணல் மிச்சம் இருக்கிறது என்று லயத்து அறைக்குள் தூக்கி வந்து கதவைச் சாத்தினால் கார்பன் மொனொக்சைட் நிறையும். அதற்கு வாடை கிடையாது, நிறம் கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். சமைத்து முடிந்ததும் வெளியிலேயே தண்ணீர் ஊற்றி அணைத்துவிடுங்கள்.

இவ்வளவு எண்ணெய் வடிகிறதே, இது நல்லதா?

அம்மா ஒவ்வொரு தடவையும் கேட்பது. வளர்ப்புச் சால்மன் 100 கிராமில் கொழுப்பு மட்டும் சுமார் 13 கிராம், புரதம் 20 கிராம். அந்தக் கொழுப்பில் ஏறத்தாழ 2 கிராம் ஒமேகா-3, இதயத்துக்கு நல்லது என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். அமெரிக்க இதயச் சங்கம் கிழமைக்கு இரண்டு தடவை மீன் சாப்பிடச் சொல்கிறது, அது சால்மனாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, சாளையிலும் ஒமேகா-3 தாராளமாக இருக்கிறது. வடிகிற எண்ணெய் மீனுடையது. மேலே தேங்காய் எண்ணெயோ மாஜரினோ ஊற்றினால்தான் கணக்கு மாறும். தோலுக்கு அடியில் சாம்பல் கலந்த பழுப்புப் பட்டை தெரிந்தால் அதுவும் பழுது இல்லை, கொழுப்பும் ருசியும் கூடிய தசை அது.

பக்கத்தில் வைக்க நம் ஊர் லீக்ஸை நீளவாக்கில் பிளந்து, மீன் இறக்கிய அதே சூட்டில் நான்கு நிமிடம் வாட்டுங்கள். கெரட்டுக்கு அவ்வளவு நேரம் போதாது, முன்னதாக அவித்துக்கொள்ளுங்கள்.

சால்மனுக்குப் பதிலாக ட்ரவுட் கிடைத்தது, அதே நேரம் வைத்தேன், காய்ந்துவிட்டது

நியாயம்தான். வெள்ளைக்காரர் காலத்தில் நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் கொண்டுவந்து விட்ட ரெயின்போ ட்ரவுட்டும் சால்மன் குடும்பத்து மீன்தான், ஆனால் உடம்பு மெல்லியது, கொழுப்பும் குறைவு. துண்டாக இருந்தால் மொத்தமே நான்கு நிமிடம் போதும், புரட்டவே தேவையில்லை. முழு மீனாக இருந்தால் வயிற்றுக்குள் ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் நசுக்கிய பூண்டும் வைத்து, இரண்டு பக்கமும் மூன்று கீறல் போட்டு, பக்கத்துக்கு நான்கு நிமிடம் கொடுங்கள். கண்ணைப் பார்த்துக்கொண்டே இருங்கள். தெளிவாக இருந்த கண் வெள்ளை மணி மாதிரி மாறியதும், முதுகுத் துடுப்பை விரலால் பிடித்து இழுங்கள், எலும்போடு கழன்று வந்தால் இறக்கிவிடலாம்.